ரெண்டு பேர் மிதிக்கிற சைக்கிளும் மாமாவும்

அன்றைக்கு வேலை ஒன்றுதான். காரைதீவுக்குப் போய் ஒரு சைக்கிளைப் பார்ப்பது, நன்றாக இருந்தால் வாங்கிக்கொண்டு வருவது.

எங்கள் சாய்ந்தமருதிலிருந்து காரைதீவு கூப்பிடு தூரம். இதில் பிழை வர என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் புது மாப்பிள்ளை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். நானும் போய் இருந்தேன்.

மனைவி நஸீராவுக்கும் எனக்கும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற வேலை. பள்ளிக்கூடம் மேற்கே, வயல் பக்கம். காலையில் நான் சைக்கிள் மிதிப்பேன், அவள் கரியரில் இருப்பாள். மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று தொடங்கிவிட்டால் அது நேரே என் நெஞ்சில்தான் அடிக்கும். போய்ச் சேரும்போது முதல் பாடம் முடிந்திருக்கும். என் மூச்சும் முடிந்திருக்கும்.

அந்த நேரத்தில்தான் தவராசாவின் சைக்கிளைப் பற்றிக் கேள்விப்பட்டேன்.

தவராசா காரைதீவு ஆள். ஒரு வெள்ளைக்காரத் தம்பதிக்குச் சமைத்துக் கொடுத்தவர். அவர்கள் நாட்டுக்குத் திரும்பும்போது சைக்கிளை அவரிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பழைய காலத்து முழு இரும்பு. மலையில் ஓடுவதற்கென்றே செய்ததாம். முன்னுக்கும் பின்னுக்குமாக இரண்டு சீட், இரண்டு ஹேண்டில், இரண்டு சோடிப் பெடல். இரண்டு பேரும் மிதிக்கலாம்.

எங்கள் ஊரில் மலை கிடையாது. இருப்பதில் உயரமானது வாய்க்கால் கட்டுத்தான். ஆனால் இரண்டு பேரும் மிதிக்கலாம் என்ற செய்தி எனக்குத் தேனாக இனித்தது. மற்றவர் நஸீரா. அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தனியாகப் போய் வாங்கியிருப்பேன். ஆடு குறுக்கே வந்துவிட்டது.

அந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் குர்பான் கொடுக்க ஓர் ஆடு வாங்கி வரும் பொறுப்பை என்னிடம் தந்திருந்தார்கள். நல்ல கொழுத்த கிடாயாகப் பார்த்து வாங்கி வந்தேன். அதற்கு ஒரு கண் தெரியாது. குர்பான் ஆட்டுக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற மாஸ்டருக்குத்தான் கண்ணைப் பார்த்து வாங்கத் தெரியவில்லை. ஆடு பெருநாளைக்குத் தப்பி, வீட்டு வளவுக்குள் கிணற்றுக்கட்டில் முட்டிக்கொண்டு சந்தோஷமாகத் திரிந்தது.

மாமா, அதாவது நஸீராவின் வாப்பா, அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் என்னிடம் நேரே எதையுமே சொல்கிறவர் இல்லை. மருமகனோடு மரியாதைக்கு இடைவெளி வைப்பது எங்கள் வழக்கம். மாமா அந்த இடைவெளிக்கு வேலியே அடைத்து வைத்திருந்தார்.

நான் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பேன். அவர் குசினிப் பக்கம் திரும்பிச் சொல்வார்.

"புள்ள, மாப்பிள்ளைக்குத் தேத்தண்ணி வேணுமா எண்டு கேளு."

நஸீரா வந்து என்னைக் கேட்பாள். நான் அவளிடம் ஓம் என்பேன். அவள் அவரிடம் ஓம் என்பாள். அதற்குப் பிறகுதான் தேத்தண்ணி வரும்.

சைக்கிள் விஷயமும் அந்த வழியாகவே வந்தது.

"புள்ள, சைக்கிள் பார்க்க நானும் வாறன் எண்டு மாப்பிள்ளைக்கிட்டச் சொல்லு."

நஸீரா சொல்லிவிட்டு, "இதுக்கும் கண் தெரியாமப் போனா உங்கள உப்பு வாங்கவும் உடமாட்டாங்க," என்று தன் பங்குக்கும் ஒன்று சேர்த்தாள். அவள் சொன்னது சரிதான். அந்த வீட்டில் என் மானம் மரியாதை எல்லாம் அந்தச் சைக்கிளின் மேல்தான் நின்றது.

மாமா போடியார், நிறைய வயல் உள்ளவர். நெல்லும் மாடும் பார்த்துப் பழகியவர். சைக்கிளையும் மாட்டைப் பார்ப்பது போலவே பார்த்தார். சுற்றி வந்தார். தட்டினார். பின் சில்லைத் தூக்கிப் பார்த்தார். குனிந்து செயின் ஓடும் பல்லுச் சில்லை விரலால் தடவினார்.

"வயசு இரிக்கி," என்றார் தவராசாவிடம். "ஆனா பல்லும் இரிக்கி."

நானும் சும்மா நிற்கக் கூடாது என்று பெல்லை அடித்துப் பார்த்தேன். அது அடித்தது. நல்லது என்று தலையாட்டினேன்.

தவராசா விளக்கம் சொன்னார். "போடியார், முன் ஹேண்டில்ல இரிக்கிற பிரேக் ரப்பர் இறுகிப் போச்சு, பெரிசாப் புடிக்காது. பின்னுக்கு இரிக்கிறவர்ர கையிலதான் நல்ல பிரேக். ஒருக்கா ஓடிப் பாருங்க, மறுகா கதைப்பம்."

ஓடிப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். தவராசாவுக்கு முழங்கால் வருத்தம். மிச்சம் இருந்தது மாமாவும் நானும்.

முன்னுக்கு யார் ஏறுவது? நான் ஏறினால் மாமாவுக்கு முதுகு காட்டி இருக்க வேண்டும். அது நடக்காத காரியம். மாமா ஏறினால் மாப்பிள்ளையைப் பின்னுக்கு வைத்துக் கொண்டுபோன கதையாகிவிடும். அதுவும் மரியாதை இல்லை.

"மாப்பிள்ளைய முன்னுக்கு ஏறச் சொல்லு, தவராசா."

"மாமாதான் முன்னுக்கு ஏறணும் எண்டு சொல்லுங்க, அண்ணன்."

தவராசா நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். கடைசியில் அவருக்கே வெறுத்துப்போனது. "ஆராவது ஏறுங்க, எனக்கு அடுப்புல கறி இரிக்கி," என்றார்.

வயதுக்கு மரியாதை என்று முடிவானது. மாமா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னுக்கு ஏறினார். நான் பின்னுக்கு ஏறினேன்.

இந்தச் சைக்கிளில் இரண்டு சோடிப் பெடலையும் ஒரே செயினால் இணைத்திருக்கிறார்கள். மாமா மிதித்தால் என் காலும் சுற்றும். மாமா நிறுத்தினால் என் காலும் நிற்கும். வீட்டிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான் என்பதால் எனக்குச் சிரமமாக இருக்கவில்லை.

வாய்க்கால் கட்டு வரைக்கும் நன்றாகத்தான் போனோம். கட்டில் ஏறும்போதுதான் ஒன்று விளங்கியது. இப்போது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சொல்லி அனுப்ப ஆள் இல்லை.

மாமா கொஞ்சம் யோசித்துவிட்டு வயலைப் பார்த்துச் சொன்னார்.

"பின்னுக்கு இரிக்கிற ஆக்களும் கொஞ்சம் மிதிச்சா நல்லம்."

நான் அவருடைய முதுகைப் பார்த்து, பொதுவாக, "மிதிக்கிறதுதான்," என்றேன்.

வயலில் நின்றவர்களுக்கெல்லாம் மாமாவைத் தெரியும். "என்ன போடியார், புதுச் சைக்கிளா?" என்று ஒருவர் கேட்டார். மாமா வலக்கையைத் தூக்கி ஓம் என்றார். சைக்கிள் இடப்பக்கம் போனது. கையை வைத்தார். அடுத்த வரம்பில் இன்னொருவர் கேட்டார். மாமா மறுபடியும் கையைத் தூக்கினார். கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் போவது மாமாவுக்குத் தெரியாத பழக்கம்.

அதற்குள் கட்டு இறக்கத்துக்கு வந்துவிட்டது. முழு இரும்பு, அதன் மேல் இரண்டு ஆள். சைக்கிள் தான் மலையில் பிறந்தது என்பதை எங்களுக்குக் காட்டத் தொடங்கியது.

மாமாவின் முதுகு அகலமான முதுகு. எனக்கு அதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. பிரேக் மட்டும் என் கையில் இருந்தது.

"கொஞ்சம் மெதுவாப் போனா நல்லம்போல இரிக்கி," என்றார் மாமா.

இது அவருடைய அபிப்பிராயமா, எனக்கு உத்தரவா? மாமா ஓட்டிக்கொண்டு போகும்போது நானாகப் பிரேக்கைப் பிடித்தால், உங்களுக்கு ஓட்டத் தெரியாது என்று சொன்ன மாதிரி ஆகிவிடாதா? மாமா இன்னும் கொஞ்சம் தெளிவாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

"முன்னுக்கு வாய்க்கால் இரிக்கி," என்றார்.

இருக்கிறதுதான். அது தெரிந்த விஷயம்.

"டேய்! பிரேக்கப் புடிடா, மடையா!"

அது தெளிவாக இருந்தது. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன்.

சைக்கிள் அந்த இடத்திலேயே நின்றது. அவ்வளவு நல்ல பிரேக். நாங்கள்தான் நிற்கவில்லை. மாமா ஹேண்டிலுக்கு மேலால் வாய்க்காலுக்குப் போனார். மரியாதைக்கு நானும் பின்னாலேயே போனேன்.

நெஞ்சளவு தண்ணீரில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். மாமாவின் தொப்பி எனக்கு முன்னால் மிதந்து வந்தது. எடுத்து நீட்டினேன். வாங்கிப் பிழிந்து தலையில் போட்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு தவராசா நொண்டி நொண்டி ஓடி வந்தார்.

மாமா அவரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார். "தவராசா, மாப்பிள்ளைக்கு அடி கிடி பட்டிச்சா எண்டு கேளு."

தவராசா கேட்டார். இல்லை என்றேன். இல்லையாம் என்று மாமாவிடம் சொன்னார்.

மாமா ஏறி வந்து சைக்கிளை மறுபடியும் சுற்றிப் பார்த்தார். ஓர் இடத்திலும் வளைவு இல்லை. "ஆட்ட உட இது பரவால்ல," என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் மானம் திரும்பி வந்தது. நனைந்துதான் வந்தது.

வாங்கினோம். தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தோம்.

நஸீரா சைக்கிளைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், மறுபடியும் சைக்கிளைப் பார்த்தாள்.

"ரெண்டு பேர் மிதிக்கிறதா? ஆரு ரெண்டு பேர்?"

"நீயும் நானும்."

"சாரியோட நானா? பள்ளிக்கூடத்துப் புள்ளையெல்லாம் வேலியில ஏறி நிண்டு பார்க்கும். எனக்கு ஏலா."

ஆகவே காலையில் பழைய சைக்கிளில் அதே கச்சான் காற்று, கரியரில் அதே நஸீரா. பின்னேரம் புதுச் சைக்கிளில் மாமாவோடு வயலுக்கு. மிதிப்பைக் குறைக்கப் போனவன் இரட்டிப்பாக்கிக்கொண்டு வந்தேன்.

ஆனால் ஒன்று. சைக்கிளில் ஏறிவிட்டால் மாமாவுக்கு ஆள் வேண்டாம். "டேய், மிதிடா, சோறு திங்கல்லயா?" என்று வயல் முழுக்கக் கேட்கும்படி கத்துவார். என் வாப்பா மௌத்தான பிறகு என்னை ஒருவரும் டேய் என்று கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் நான் மாஸ்டர், இல்லாவிட்டால் மாப்பிள்ளை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த ஏச்சைக் கேட்கவே நான் பின்னேரம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

வளவுக்குள் வந்து இறங்குவோம். மாமா சாரனை அவிழ்த்து விட்டுக்கொண்டு குசினிப் பக்கம் திரும்புவார்.

"புள்ள, மாப்பிள்ளைக்குத் தேத்தண்ணி வேணுமா எண்டு கேளு."