பன்னிரண்டாம் தேதிக்குக் காத்திருந்தவர்

மருந்துக் கிடங்குக்காரர் ஒரு மகத்தான முடிவுக்கு வந்தார். ஒன்றும் செய்யாமல் சும்மா இருப்பது என்பதுதான் அந்த முடிவு.

வேறொரு நாட்டில் இருக்கும் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வர மனைவி ஆசைப்பட்டாள். அடுத்த மாதம் இருபதாம் தேதி கிளம்புவதாகத் திட்டம். இவர்கள் பிழைக்க வந்த நாட்டில் தங்குவதற்கான அவளுடைய குடியிருப்புக் கார்டோ அந்த மாதம் பன்னிரண்டாம் தேதியோடு முடிகிறது. முடிந்த கார்டோடு வெளியே போனால் திரும்பி உள்ளே விடமாட்டார்கள். நினைவுபடுத்தாமல் இருந்தாலே போதும், பயணம் தானாக நின்றுவிடும்.

‘போகாதே’ என்று சொன்னால் தீர்ந்தது. முப்பது வருடமாகச் சொல்லிப் பழகாததால் அது வாயில் வரவில்லை. கிடங்கில் பகலெல்லாம் பெட்டிகளோடு இருப்பவருக்குப் பேச்சுத்துணை அவள் ஒருத்திதான். அவள் பேசுவாள், இவர் ‘ம்’ போடுவார். அந்த ‘ம்’மை இனி யாரிடம் போடுவது என்பதுதான் அவர் கவலை.

சாப்பாட்டு மேசையில் கார்டு புதுப்பிக்கும் விண்ணப்பம் ஒன்று கிடந்தது. தலைப்பைப் பார்த்ததும் செய்தித்தாளைப் போட்டு மூடினார். மறுநாள் அது மேலே வந்திருந்தது. மறுபடி மூடினார். ஒரு மாதம் இப்படியே ஓடியது.

இதற்கிடையில், தன் வங்கிக் கார்டில் இந்த மாதம் போட்டிருக்கிறதே, செல்லுமா என்று அவள் கேட்டாள். மாத்திரை அட்டையில் மாதம் மட்டும் இருந்தால் அந்த மாதக் கடைசி நாள் வரை நல்லது என்று கிடங்கில் ஊருக்கே உபதேசம் செய்பவர் அவர். வங்கிக் கார்டுக்கும் அதே கணக்குதான் என்பதும் தெரியும். ஆனாலும், ஒன்றாம் தேதியே அது செத்துவிட்டது என்றார். அவள் ‘சரிங்க’ என்றாள்.

பதின்மூன்றாம் தேதி காலை, துக்கம் விசாரிக்க வந்தவர்போல எதிரே உட்கார்ந்தார்.

“உன் கார்டு நேத்தோட முடிஞ்சு போச்சும்மா. இனிமே எங்க போறது?”

அவள் கைப்பையிலிருந்து புதுக் கார்டை எடுத்து வைத்தாள். போன வாரமே வந்துவிட்டதாம். பக்கத்தில் விமான டிக்கெட்டுகளை வைத்தாள். இரண்டு.

“இதெல்லாம் எதுல வாங்கினே?”

“நீங்க சாகடிச்ச கார்டுலதான். மாசக் கடைசி வரைக்கும் செல்லும்னு போன்ல கிடங்கு ஆளுங்களுக்கு நீங்க பாடம் எடுக்கும்போது நானும்தானே கேட்டுக்கிட்டிருக்கேன்.”

“ரெண்டு எதுக்கு?”

“ஒண்ணு உங்களுக்கு. தனியா விட்டா சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருப்பீங்கன்னு தெரியாதா எனக்கு?”

தன்னையும் ஒருத்தி கணக்கில் வைத்திருக்கிறாள் என்ற சந்தோஷத்தில் அவருக்குக் கண்கூடக் கலங்கியது. அது அரை நிமிடம் நீடித்தது. அவள் செய்தித்தாளை விலக்கினாள். கீழே கிடந்த விண்ணப்பத்தில் ஒட்டியிருந்தது அவருடைய போட்டோ. கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலி.

“ரெண்டு பேரும் ஒரே நாள்ல வாங்கின கார்டுங்க. உங்களுதும் நேத்தோட முடிஞ்சுது. இப்ப கையெழுத்துப் போட்டாலும் இருபதாம் தேதிக்குள்ள புதுசு வராது. என்னன்னு வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு தினமும் மேலே எடுத்து வச்சேன்.”

ஊரார் மருந்துக்கெல்லாம் தேதி பார்த்தவர் தன் கார்டைத் திருப்பிப் பார்க்கவில்லை.

இருபதாம் தேதி அவள் தனியாகத்தான் போனாள். விமான நிலையத்திலிருந்து திரும்பியவர், காலி வீட்டில் ஒருமுறை ‘ம்’ என்று சொல்லிப் பார்த்தார். பிறகு குளிர்பெட்டியைத் திறந்தார். வரிசையாகச் சாப்பாட்டு டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்ற சீட்டு. முதல் டப்பாவில் மட்டும் கூடுதலாக ஒரு வரி:

‘இதுல நாளும் போட்டிருக்கேன். மாசக் கடைசி வரைக்கும் வச்சிருக்காதீங்க.’