முட்டைக்குள் மூன்று அடுக்கு

வேலை கேட்டுப் போகிறவன் புதுமையாக எதையும் செய்துகாட்டக் கூடாது. தெரிந்ததைச் சொல்லி, கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும். இதை நான் தெரிந்துகொள்வதற்குள் ஓர் உயிர் போய்விட்டது.

விலங்கியல் படித்துவிட்டுப் பொழியூரில் சும்மா இருந்தேன். நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியர் வேலைக்கு மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். பாடம், கருவில் செல் அடுக்குகள் உருவாவது. படம் வரைந்தால் போதும். எனக்குப் போதவில்லை. (என் அறிவு அப்போது கூரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும் நிலையில் இருந்தது.)

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா சித்தியின் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. சித்தியிடம் சொல்லி, புது முட்டை ஒன்றில் கரியால் குறி போட்டு அதன் அடியில் வைத்தேன். ஒரு நாள் சூடு பட்டால் அடுக்குகள் பிரியத் தொடங்கிவிடும். மறுநாள் காலையில் பார்த்தால் எந்த முட்டையிலும் குறி இல்லை. கோழி வயிற்றில் உரசி அழிந்திருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்த ஒன்றைப் பஞ்சில் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

வகுப்பு நன்றாகத்தான் போயிற்று. மஞ்சள் கருவின் மேல் சிறு வெள்ளை வட்டம், அதில் ஒரு பள்ளம். மேலிருக்கும் செல்கள் அதன் வழியே உள்ளே இறங்கிப் பரவும். மேலே தங்குவது தோலும் நரம்பும், நடுவில் நிற்பது தசையும் இரத்தமும், அடியில் போவது குடலும் ஆகும். பின்வரிசையிலிருந்த தலைமையாசிரியர்கூடத் தலையாட்டினார். இனி நேரில் பார்ப்போம் என்று முட்டையைக் கண்ணாடித் தட்டில் உடைத்தேன்.

ஈரச் சிறகோடு ஒரு முழுக்குஞ்சு விழுந்தது. அலகைத் திறந்து மூடியது.

முன்வரிசைப் பெண் ஒருத்தி அழத் தொடங்கினாள். தலைமையாசிரியர் எழுந்து வந்து பார்த்துவிட்டு, அடுக்குகள் எங்கே என்று மலையாளத்தில் மெதுவாகக் கேட்டார். "இதில் எவிடெயாணு மாஷே, அந்த மூணு லேயர்?"

"எல்லாம் உண்டு சார். கொஞ்சம் கூடிப்போச்சு."

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். பதற்றத்தில் குச்சியால் சிறகைத் தொட்டு, இது புற அடுக்கு என்றேன். தொடையைத் தொட்டு, நடு அடுக்கு என்றேன். அக அடுக்குக்கு வருவதற்குள் அது செத்துப்போனது.

வேலை கிடைக்கவில்லை. பள்ளிக்குப் பின்னால் குஞ்சைப் புதைத்துவிட்டு வந்து சித்தியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா தானே விரிஞ்சிருக்கும், மக்கா" என்றாள். திட்டியிருக்கலாம்.

இப்போது பாறசாலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் மனைவி ஆம்லெட்டுக்கு முட்டை உடைக்கும் முன் கரண்டியால் அதைத் தட்டி, "உள்ளே ஆளுண்டா?" என்று கேட்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒருநாளும் பதில் வந்ததில்லை. ஆனாலும் அவள் உடைத்து முடிக்கும்வரை நான் அடுக்களைப் பக்கம் போவதில்லை.