செத்த ஆடு இழுத்த கோடு

விஞ்ஞானம் படித்தவனுக்குப் பேய் பயம் இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு இருந்தது. அதுவும் காலை பதினொரு மணிக்கு வந்தது.

அப்போது நான் குன்னூரில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவன். நம் உடம்பில் உண்டாகும் சில கொழுப்பு மூலக்கூறுகள் ரத்தக்குழாயின் தசையைச் சுருங்க வைக்கும். கண்ணுக்கே தெரியாத அளவு போதும். அது எப்படி என்பதுதான் என் ஆய்வு. அதற்கு ஆட்டின் குடலை ஒட்டியிருக்கும் ரத்தக்குழாய் தினமும் புதிதாக வேண்டும். மார்க்கெட்டில் கறிக்கடை வைத்திருந்த பழனிச்சாமி அண்ணன் பொட்டலம் கட்டித் தருவார்.

ஒருநாள் கையை விரித்துவிட்டார்.

"ஏனுங்க தம்பி, கறி வாங்காம கொழாய மட்டும் கேக்கறீங்க. செய்வினைக்குத்தான் வாங்கறீங்கன்னு ஊருக்குள்ள பேச்சு. இனி தர முடியாதுங்க."

குழாய் இல்லையென்றால் மூன்று வருட உழைப்பும் போச்சு. நேரில் வந்து பார்க்கும்படி கெஞ்சி, அவரை ஆய்வகத்துக்கே அழைத்து வந்தேன்.

மழைக்காலம். மூடுபனி ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளேயே வந்திருந்தது. எதிர்மேசைகூட மங்கலாகத்தான் தெரிந்தது. காற்று குமிழியிட்டுக்கொண்டிருந்த வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர் நிரம்பிய கண்ணாடிக் குழாய்க்குள், இரண்டு கொக்கிகளுக்கு நடுவே, மோதிரம் போல வெட்டிய ரத்தக்குழாய்த் துண்டு தொங்கியது. அது சுருங்கினால் கணினித் திரையில் கோடு உயரும். கோடு மட்டமாகக் கிடந்தது.

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "உசுரு இருக்குதுங்களா?"

"உசுரெல்லாம் இல்லீங்கண்ணா. மருந்து விட்டாத்தான் சுருங்கும். மொதல்ல வெறும் உப்புத்தண்ணி விடறேன். ஒண்ணும் ஆகாது பாருங்க." (பேராசிரியர் தோரணை வேறு.)

விட்டேன். கோடு கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு மெல்ல எழுந்து, நிற்காமல் ஏறியது. அறையில் குமிழ்கள் வெடிக்கும் சத்தம் மட்டும்.

"தம்பி, என்னமோ இழுக்குதுங்க."

அந்த நேரம் பார்த்து, சில்லென்று ஈரமாக ஏதோ என் பிடரியைத் தொட்டது. (கூரை ஒழுகல். அப்புறம்தான் தெரிந்தது.) நான் போட்ட அலறலில் பக்கத்து வகுப்பே எழுந்து வந்துவிட்டது. வந்தவர்கள் பார்த்தது, உடைந்த கண்ணாடியையும், கறிக்கடைக்காரர் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கிய என்னையும்.

அண்ணன் என்னை ஸ்டூலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "தோலுரிச்சுத் தொங்கவிட்ட தொடையே எங்க கடையில துடிக்குமுங்க. இதுக்குப் போயி பயப்படறீங்களே."

நடந்தது என்னவென்றால், முந்தின நாள் கொழுப்பு மருந்து விட்ட அதே பிளாஸ்டிக் குழலை வெறும் தண்ணீரில் அலசி வைத்திருந்தேன். கொழுப்பு தண்ணீருக்குப் போகுமா? ஓரத்தில் ஒட்டியிருந்த மிச்சம் உப்புத்தண்ணீரோடு இறங்கித் தன் வேலையைச் செய்திருக்கிறது. ஸ்பிரிட்டில் கழுவாத முட்டாள் யார் என்று என் வழிகாட்டி கேட்டார். கை தூக்கினேன்.

மறுநாளே பொட்டலம் கிடைத்தது. முன்பைவிட நீளமான குழாய். என்மேல் இரக்கம் வந்துவிட்டது போல.

இரண்டு வருடம் கழித்து, கோத்தகிரியிலிருந்து பெண் வீட்டார் என்னைப் பற்றி விசாரிக்க வந்தபோது, பழனிச்சாமி அண்ணனைத்தான் கேட்டிருக்கிறார்கள். அவர் சொன்னதை என் மாமனார் எல்லா விருந்திலும் அதே குரலில் சொல்லிக் காட்டுவார்:

"தங்கமான பையனுங்க. பொண்ணுதான் கொஞ்சம் தைரியமா இருக்கோணும்."

கரண்ட் போனால் மெழுகுவத்தி தேடி எழுந்து போவது இன்றுவரை என் மனைவிதான்.