மாமா பாடிய பாட்டு

'நீ சிரித்தால் விளக்கெதற்கு' என்ற வரி தொடங்கும் இடத்தில் யாரோ மிக்ஸியைப் போட்டிருந்தார்கள். 'நீ முறைத்தால் அடுப்பெதற்கு' என்று அடுத்த வரி முடிகிறவரை அதை நிறுத்தவும் இல்லை.

மாப்பிள்ளை ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பினார். பின்னால் நாற்காலி நுனியில், பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவரைப் போல மாமனார் உட்கார்ந்திருந்தார்.

"மிக்ஸிய மட்டும் எடுத்துடுங்க மாப்பிள்ளை. பாட்டத் தொடாதீங்க."

"இத எங்க வெச்சு ரெக்கார்ட் பண்ணீங்க மாமா?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப? எடுக்க வருமா, வராதா?"

"வரும் மாமா. இதெல்லாம் ஒண்ணுமே இல்ல."

அப்படிச் சொன்னதுதான் வினை. ஆனால் அவர் சொல்லாமல் இருந்திருக்கவும் முடியாது. மாமனார் மின்சார அலுவலகத்தில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எழுதிய காதல் பாட்டில்கூட மின்சாரச் சிக்கனம் எட்டிப் பார்ப்பது அதனால்தான். மாப்பிள்ளை ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் ஒலித் தொகுப்பாளர். 'கதவு மூடுகிறது' என்று லிஃப்ட் பேசுவதற்கும், பற்பசை விளம்பரத்தில் பல் பளிச்சிடுவதற்கும் ஓசை சேர்ப்பவர். உறவுக்காரர்கள் யாராவது "மாப்பிள்ளை என்ன பண்றாரு?" என்று கேட்டால், மாமனார் ஒருமுறை கனைத்துவிட்டு, "ஏதோ சவுண்டு சம்பந்தமா" என்பார். அதற்குமேல் பேச்சை வளர்க்க மாட்டார். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் கதை.

அப்படிப்பட்டவர் தாமாகவே வீடு தேடி வந்து ஓர் உதவி கேட்டிருக்கிறார். அவருக்கும் அத்தைக்கும் கல்யாண நாள் வருகிறது. வாழ்க்கையில் முதல் தடவையாக மனைவிக்காக ஒரு பாட்டு எழுதியிருக்கிறார். எல்லோர் முன்னாலும் அதைப் போட்டுக் காட்டி அத்தையைத் திகைக்க வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

"காப்பி பண்ணிட்டீங்களா? அப்ப என் போன்ல இருக்கறத அழிச்சிடுங்க. உங்க அத்தை கண்ணுல பட்டா எல்லாம் போச்சு."

மாப்பிள்ளை அவர் கண்ணெதிரிலேயே அழித்துக் காட்டினார். மாமனார் திருப்தியாகத் தலையசைத்துவிட்டுப் போனார்.

மாப்பிள்ளையின் மனைவி எட்டிப் பார்த்தாள். "அப்பா பாடியிருக்காரா? நெசமாவா? எங்க, போடுங்க."

போட்டார். கொஞ்ச நேரம் கேட்டவள் புருவத்தைச் சுருக்கினாள். "அப்பா பாடி நான் கேட்டதே இல்ல. பாடறப்ப குரல் இப்படியா இருக்கும்?"

"பாடறப்ப எல்லாருக்கும் குரல் மாறும்."

"மிக்ஸி நல்லாவே ஓடுது" என்று சொல்லிவிட்டு அவள் துணி துவைக்கப் போய்விட்டாள்.

மாப்பிள்ளை வேலையைத் தொடங்கினார். மென்பொருளுக்கு மிக்ஸி சத்தத்தின் மாதிரியைக் காட்டி, 'இது போன்றதை எல்லாம் எடு' என்று ஆணையிட்டார். அது சொன்ன பேச்சைக் கேட்டது. மிக்ஸி போயிற்று. கூடவே குரலில் பாதியும் போயிற்று. மாமனார் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து பாடுவது போலிருந்தது.

தொட்டியிலிருந்து அவரை வெளியே எடுக்க, மேல் ஸ்தாயியை ஏற்றினார். குரல் தெளிந்தது. ஆனால் 'சிரித்தால்' என்ற சொல்லில் இருந்த 'சி' சீறத் தொடங்கியது. காதல் பாட்டில் பாம்பு புகுந்தது.

சீறலை அடக்க ஒரு கருவி இருக்கிறது. அதைப் போட்டார். பாம்பு அடங்கியது. 'நீ சிரித்தால்' என்பது 'நீ திரித்தால்' என்றாயிற்று. கல்யாண நாளன்று மனைவியைப் பார்த்து 'நீ திரித்தால்' என்று ஒரு மனிதர் பாடினால், அடுத்த கல்யாண நாள் வராது.

"போதும், இதோட நிறுத்திக்கணும்" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். நிறுத்தவில்லை. ஒரு சுரம் கொஞ்சம் இறங்கி நின்றது கண்ணை உறுத்தியது, காதையும் உறுத்தியது. அதைத் தூக்கி வைத்தார். அதைத் தூக்கியதும் பக்கத்துச் சுரம் பள்ளத்தில் நின்றது. அதையும் தூக்கினார். எல்லாவற்றையும் தூக்கி முடித்தபோது மாமனார் பாடவில்லை. மாமனார் பெயரில் ஒரு பொம்மை பாடியது.

அப்போதுகூட ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. மூல ஒலி பத்திரமாக இருந்தது. எல்லாத் திருத்தங்களையும் கொஞ்சம் கொஞ்சம் தணித்து, ஒரு மாதிரியாகச் சமரசம் செய்து, முழுப் பாட்டையும் புது ஃபைலாக்கச் சொல்லி ரெண்டர் பொத்தானை அழுத்தினார். கணினி ஒரு கேள்வி கேட்டது: 'இதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கிறது. அதன் இடத்தில் இதை வைக்கட்டுமா?'

அதே நேரம் உள்ளேயிருந்து மனைவியும் ஒரு கேள்வி கேட்டாள். "ஏங்க, அயர்ன் பாக்ஸ் சூடாயிட்டு இருக்கு. வாஷிங் மெஷினையும் சேத்துப் போடட்டுமா?"

"போடு, போடு" என்றார் மாப்பிள்ளை. சொல்லிக்கொண்டே கை 'ஆம்' என்பதை அழுத்தியது. ஒரே சம்மதம், இரண்டு கேள்விக்கும்.

திரையில் நீலக் கோடு ஊர்ந்தது. வாஷிங் மெஷின் ஒருமுறை உறுமியது. எங்கோ 'டப்' என்றது. வீட்டில் விசிறி நின்றது, கணினி கண்ணை மூடியது.

மின்சார அதிகாரியின் பாட்டு மின்சாரம் போய் அழிந்தது.

ஃபியூஸைப் போட்டு, கணினியைத் திறந்து பார்த்தபோது, புது ஃபைலில் 'நீ சிரி' வரைக்கும் இருந்தது. பிறகு ஒரு கீச். பிறகு மௌனம். மூல ஒலி இருந்த இடத்தில்தான் இந்தக் கீச் உட்கார்ந்திருந்தது. அலுவலகத்தில் எல்லோரையும் பிடித்து நிறுத்தி, "ரெண்டு இடத்துல பிரதி வெச்சுக்கணும்பா" என்று பாடம் எடுப்பவர் மாப்பிள்ளை. தொலைந்த ஃபைலை மீட்டுத் தரும் மென்பொருளை ஓட விட்டார். அது வெகுநேரம் தேடி, வெற்றிப் புன்னகையோடு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தது. திறந்தால், "கதவு மூடுகிறது" என்றது.

"அப்பாகிட்ட உள்ளதச் சொல்லிடுங்க" என்றாள் மனைவி. "கடிச்சு முழுங்கிடவா போறாரு?"

"ஏற்கெனவே என்னை ஒரு வேலை பாக்கறவனாவே மதிக்க மாட்டாரு. இதுல பாட்டத் தொலைச்சேன்னு வேற சொன்னா..."

"அப்ப திரும்பப் பாடச் சொல்லுங்க."

அது நல்ல யோசனையாகப் பட்டது. போன் போட்டார்.

"மாமா, இன்னும் கொஞ்சம் சுத்தமா வரணும்னா... நீங்க ஒரு தடவை நம்ம ஸ்டுடியோவுக்கு வந்து நேர்ல பாடிட்டீங்கன்னா..."

மறுமுனையில் ஏதோ கீழே விழுந்தது. "நேர்லயா? நானா? அதெல்லாம் முடியாது மாப்பிள்ளை! எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு!"

தொண்டை கட்டியவரின் குரல் கணீரென்று இருந்தது. மாப்பிள்ளை இருந்த கலவரத்தில் அதைக் கவனிக்கவில்லை.

"ஏன், ஏதாவது பிரச்சினையா?"

"இல்ல மாமா, சும்மா கேட்டேன்."

"பிரச்சினை வராதுன்னு எனக்குத் தெரியும். ஆபீஸ்ல பழைய ஆளுங்ககிட்டல்லாம் சொல்லி வெச்சிருக்கேன், எங்க மாப்பிள்ளைதான் பண்றாரு, பிரமாதமா பண்ணுவாருன்னு."

கல்யாணமான நாளிலிருந்து கேட்க ஏங்கிய வார்த்தை. அது இந்த நேரத்திலா வரவேண்டும்! உண்மையைச் சொல்லாமலே போனை வைத்தார்.

மிச்சமிருந்த வழி சோப்புக் குரல். ஸ்டுடியோவுக்கு விளம்பரம் பேச வருகிற ஆளுக்கு அங்கே அதுதான் பெயர். எதைப் படித்தாலும் நுரை வரும். நன்றாகப் பாடவும் செய்வார். மெட்டும் வரிகளும் மாப்பிள்ளைக்கு மனப்பாடம். ஒரு நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டுக் கெடுத்த பாட்டாயிற்றே.

சோப்புக் குரல் மைக் முன்னால் நின்று, 'நீ சிரித்தால் விளக்கெதற்கு' என்று பாடினார். இப்போதே போய் ஒரு டஜன் பல்ப் வாங்க வேண்டும்போல இருந்தது.

"விக்காதீங்க சார்" என்று கெஞ்சினார் மாப்பிள்ளை. "பாடறவரு வயசானவரு. கண்டிப்பான அதிகாரி. ஆனா பொண்டாட்டிக்குப் பயந்தவரு."

"முதல் ரெண்டும் கஷ்டம்" என்றார் சோப்புக் குரல். "மூணாவது எனக்குத் தானா வரும்."

வந்தது. ஆனாலும் குரலில் பளபளப்பு போகவில்லை. மாப்பிள்ளை அதைக் கணினியில் ஏற்றி, தமது தொழில் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு நல்ல குரலைக் கெடுக்க உட்கார்ந்தார். சுருதியைக் கொஞ்சம் இறக்கினார். மூச்சு வாங்கும் ஓசையைக் கூட்டினார். சரியாக நின்ற ஒரு சுரத்தைத் தட்டிக் கோணலாக்கினார். மனதுக்குள் ஒரு கொலைகாரனின் உறுத்தல் இருந்தது.

மனைவி கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "அப்பா எங்க இதுல?"

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. மாமனார் அவ்வப்போது போனில் குரல் செய்தி அனுப்புவார். 'தண்ணி மோட்டார் ரிப்பேர் பண்ணியாச்சா?' 'குடையத் திருப்பிக் குடுக்கல.' ஒவ்வொன்றும் ஒரு கனைப்போடுதான் தொடங்கும். அவற்றிலிருந்து நல்ல கனைப்பாக ஒன்றைப் பொறுக்கி வெட்டி, பாட்டின் தலையில் ஒட்டினார். பேச்சுத் துண்டுகளைச் சோப்புக் குரலின் அருகில் வைத்து, அந்தக் கரகரப்பு வருகிறவரை செதுக்கினார்.

மறுபடி கேட்ட மனைவி, தன்னை அறியாமல் சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஐயோ, அப்பாவேதான்!"

கல்யாண நாள் அன்று மாமனார் வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. மேசையில் கேக், சுவரோரம் இரவல் நாற்காலிகள், அவற்றில் பழைய அலுவலகத்து ஆட்கள். மாமனார் எழுந்து நின்றார். "உங்க எல்லாருக்கும் ஒண்ணு போட்டுக் காட்டப் போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மாப்பிள்ளையைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். இரண்டு பேர் முகத்திலும் ஒரே அளவு வியர்வை.

மாப்பிள்ளை பொத்தானை அழுத்தினார். ஸ்பீக்கர் கனைத்தது.

கேட்ட மாத்திரத்தில் அத்தை நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, "இதோ காபி கொண்டு வரேங்க" என்றார். கூடமே குலுங்கியது. அத்தை வெட்கப்பட்டு உட்கார்ந்தார். அதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது.

மாமனார் வாய் திறந்தபடி ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வாசல் கதவு எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொண்டார். தன் குரல் தனக்குத் தெரியாதா? முடிந்தது. இப்போது எழுந்து ஒரு வார்த்தை சொல்லப் போகிறார், ஊர் பார்க்க மானம் போகப் போகிறது.

ஆனால் 'நான் அணைக்காமல் விட்ட விளக்கு நீதான்' என்ற கடைசி வரி வந்தபோது, அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை நாளா இதெல்லாம் உள்ளயே வெச்சிருந்தீங்களா? ஒரு வார்த்தை சொன்னதில்லையே! பாடக்கூட வருமா உங்களுக்கு?"

"அது... ஏதோ..." என்று மாமனார் தரையைப் பார்த்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அத்தை ஒரு துண்டுக் கேக்கை எடுத்து, சபை என்றும் பாராமல் அவர் வாயில் ஊட்டினார். அது விழுங்க முடியாமல் அவர் கண்ணும் கலங்கியது.

கூட்டம் சாப்பிடப் போனதும் மாமனார் நேராக மாப்பிள்ளையிடம் வந்தார். அவர் கையைப் பிடித்து ஜன்னலோரம் கூட்டிப் போனார்.

"மாமா, ஒரு விஷயம் சொல்லணும். அந்தப் பாட்டு..."

"எதுவும் சொல்லாதீங்க." மாமனார் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நானும் எதுவும் கேக்கல, நீங்களும் எதுவும் கேக்காதீங்க. உங்க வேலை என்னன்னு இன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. இனிமே யார் கேட்டாலும் தைரியமா சொல்லுவேன்."

பிடித்த கையை ஒருமுறை அழுத்திவிட்டு, மனைவியைத் தேடிக்கொண்டு போனார். கண்டுபிடித்தும் மன்னித்துவிட்டாரே என்று மாப்பிள்ளை நெகிழ்ந்துபோனார். இப்படிப்பட்ட மனிதரையா இத்தனை நாளும் தப்பாக நினைத்திருந்தோம் என்று தம்மையே நொந்துகொண்டார்.

அப்போது தோளில் யாரோ தட்டினார்கள். மாமனாரின் பழைய அலுவலகக் கார் ஓட்டுநர், கையில் கேக் தட்டோடு நின்றிருந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் காதருகே குனிந்தார்.

"தம்பி, நான் பாடிக் குடுத்த பாட்ட அப்படியே சார் குரலா மாத்திட்டீங்களே, அது என்ன சாஃப்ட்வேர்?"