தீவைக் காத்த சுவரொட்டி

கொள்ளைநோயிடமிருந்து எங்கள் தீவைக் காப்பாற்றியது மருந்தல்ல, மருத்துவரும் அல்ல. 'இருபது விநாடி கை கழுவுங்கள்' என்ற சுவரொட்டி. வருங்காலம் அதற்குச் சிலை வைக்கட்டும். சுகாதார விழிப்புணர்வு அலுவலகத்தின் இரண்டாம் குமாஸ்தா என்ற முறையில், அதைச் சுமந்துபோகும் பாக்கியம் என் தோளுக்கு வாய்த்தது. ஐநூறு தாள். இன்னும் வலிக்கிறது.

ஃபிஜியின் தலைநகர் சுவாவுக்கு வெளியே, அலையாத்திக் காட்டை ஒட்டி நாற்பது தகர வீடுகள். நிலத்துக்குப் பத்திரம் இல்லை. ஆகவே குழாய் இல்லை. முன்பெல்லாம் தேவாலயக் குழாயில் தண்ணீர் பிடித்து வந்தார்கள். கூட்டம் கூடினால் நோய் பரவும் என்று தேவாலயத்தைப் பூட்டினோம். குழாய் உள்ளே இருந்தது. நோயை அவ்வளவு தீவிரமாக எதிர்த்தோம்.

எங்கள் இயக்குநர் இசிமேலி சொற்பொழிவாற்ற எழுந்தார். குடியிருப்பின் தலைவி தரைவினி கையை உயர்த்தினார். ஓட்டலில் அறை துடைத்தவர். ஓட்டல் மூடியதால் 'ஓய்வில்' இருப்பவர்.

"கழுவச் சொல்றீங்க, சரிங்க ஐயா. எதுல கழுவுறது? பேத்தி பொறந்து பதினோரு நாளாச்சு. குளிப்பாட்ட மழைக்குக் காத்துக்கிட்டிருக்கோம்."

"மழையும் அரசாங்கத் திட்டத்துல இருக்கும்மா."

"அதுவரைக்கும் எச்சிலத் தொட்டுக் கழுவவா?"

"துப்புறதத் தடை பண்ணியாச்சே!"

தரைவினி சிரித்துவிட்டார். "சரி, பேசுங்க. ஆனா வந்த எடத்துல காவா குடிக்காமலா வாயத் தொறப்பீங்க? உங்கம்மா அப்படியா வளத்தாங்க?"

இயக்குநர் சட்டென்று உட்காரப் போனார். விருந்தாளி காவா வேரைக் கொடுக்க வேண்டும். ஊரார் அதைக் கரைத்துத் தர வேண்டும். குடித்த பிறகுதான் பேச்சு. இதை மீறிய ஃபிஜிக்காரர் யாரும் பதவி உயர்வு பெற்றதில்லை. அவரும் மரபு தவறாதவர்தான். பையிலிருந்து வேர்க்கட்டை எடுத்து நீட்டினார்.

"இந்தாங்க, கரைங்க."

"எதுல ஐயா?"

இயக்குநர் என்னைப் பார்த்தார். "விதியப் பாருய்யா."

பார்த்தேன். பதினான்காம் பிரிவு: அரசு அதிகாரி பங்குபெறும் சடங்குக்கு, அது முடியும்வரை, நாள்தோறும் தண்ணீர் வண்டி அனுப்பலாம். மனிதர்களுக்கு அனுப்பலாம் என்று ஏதாவது பிரிவு உண்டா என்றும் தேடினேன். இல்லை.

ஒரு மணி நேரத்தில் வண்டி வந்தது.

"பத்து வருசமா மனுவாப் போட்டோம்" என்றார் தரைவினி. "வேரப் போட்டிருக்கணும் போல."

கடலேற்றம் வந்துபோகும் இடம், தரையெல்லாம் சேறு. இயக்குநரின் கௌரவத்துக்கேற்ப உயரமான ஆசனம் ஒன்றை ஏற்பாடு செய்தேன். ஊரார் ஆளுக்கொரு சிரட்டையோடு வந்து, தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். 'ஒரே சிரட்டையில் பலர் குடிக்காதீர்' என்று பேச வந்த இயக்குநரிடம்தான் சிரட்டை இல்லை.

"என்னோடத வாங்கிக்கோங்க. கழுவித் தர்றேன், இப்பத்தான் தண்ணி இருக்கே" என்றார் தரைவினி.

இயக்குநர் மரபுப்படி ஒருமுறை கைதட்டி, ஒரே மூச்சில் குடித்தார். நான்காவது சிரட்டையில் நாக்கு மரத்துவிட்டதால் சொற்பொழிவு மிகச் சிறப்பாக, இரண்டே நிமிடத்தில் முடிந்தது.

மாலையில் வண்டி ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். "சடங்கு முடிஞ்சுதாக்கா?"

"கிண்ணம் வத்துனாத்தானப்பா முடியும்?" என்று தரைவினி காவா கரைத்த கிண்ணத்தில் இன்னொரு சிரட்டை தண்ணீர் ஊற்றினார்.

அது ஐந்து வாரத்துக்கு முன்பு. கிண்ணம் இன்னும் வற்றவில்லை. வண்டியும் தினம் வருகிறது. பேத்தி தினம் குளிக்கிறாள், ஊரே கேட்க அழுதுகொண்டு. நாற்பது வீட்டில் ஒருவருக்கும் நோய் இல்லை.

தலைமையகம் வியந்தது. 'சுவரொட்டியின் மகத்தான வெற்றி' என்று அறிக்கை விட்டது. இயக்குநருக்குப் பதக்கம் அறிவித்தது. எல்லாக் குடியிருப்புகளுக்கும் ஐயாயிரம் சுவரொட்டிகள் அனுப்பப்படும். சுவரொட்டியே போதும் என நிரூபணமாகிவிட்டதால், சடங்கு முடிந்ததும் தண்ணீர் வண்டி திரும்பப் பெறப்படும்.

ஆணையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தரைவினி நிதானமாகப் படித்தார்.

"முடிஞ்சதும் சொல்லி அனுப்புறேன் தம்பி" என்று கிண்ணத்தில் ஒரு சிரட்டை ஊற்றினார்.

இப்போது அருங்காட்சியகத்தில் வைக்க, தீவைக் காத்த அந்தச் சுவரொட்டிகளில் ஒன்றைக் கேட்டிருக்கிறார்கள். கட்டு என் மேசைக்கடியில் இருக்கிறது. கயிறு இன்னும் அவிழ்க்கப்படவில்லை. அன்று இயக்குநர் உட்கார்ந்திருந்தது அதன்மேல்தான்.