துரை வீட்டு அடுப்பில் பால் பொங்கின கதை

அண்டைக்கு எனக்கிருந்த வேலை ஒண்டே ஒண்டு. புதுசா வந்த அடுப்பில பால் காய்ச்சிறது.

அடுப்பு எண்டால் மின்சார அடுப்பு! எங்கட கந்தோர்த் துரை சீமைக்குத் திரும்பிப் போகேக்க, கறுவாத்தோட்டத்துப் பங்களாச் சாமானையெல்லாம் ஏலம் போட்டார். மற்றக் கிளாக்கர்மார் கதிரை, மேசை எண்டு புத்தியா வாங்கினாங்கள். நான் இந்த அடுப்பைத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்தனான்.

துரை வீட்டுச் சுவரில அதுக்கெண்டு தனியா ஒரு தடிச்ச வயர் ஓடினதை என்ர கண்ணாலயே பார்த்தனான். ஏன் ஓடுது எண்டு யோசிக்கத்தான் மண்டையில ஒண்டும் இருக்கேல்லை.

எங்கட வீட்டில இருந்தது லைட்டுக்கு இழுத்த வயர் மட்டும்.

"இஞ்சாருங்கோ, ஸ்திரிக்கைப்பெட்டி கொழுவினாலே லைட் மங்குது. இந்தப் பூதத்தை அந்த வயர் தாங்குமோ?" எண்டு கேட்டாள் என்ர மனிசி பரமேஸ்வரி.

"துரை வீட்டில ஓடினதும் இதே கரண்ட்தான். நீர் போய்ப் பாலைக் கொண்டாரும்!"

கந்தோரில இவ்வளவு காலம் பைல் கட்டினவனுக்குத் தெரியாத விஞ்ஞானமோ!

அதோட நிண்டிருந்தாலும் பரவாயில்லை. பரமேஸ்வரியின்ர அண்ணன் கொட்டாஞ்சேனையில இருக்கிறார். அவரைக் குடும்பத்தோட இராச்சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தனான். "இனி எங்கட குசினியில புகையே இல்லை மச்சான், வந்து பாருங்கோ" எண்டு பீத்தினதும் நான்தான். அந்தப் பீத்தலில, இருந்த மண் அடுப்பைக் காலையிலயே உடைச்சு வளவுக்குள்ள எறிஞ்சதும் நானேதான்.

பின்னேரம் நல்ல நேரம் வந்தது. துரையின்ர பிளக்கு எங்கட வீட்டில ஒண்டுக்குள்ளயும் போகேல்லை. அதை வெட்டி எறிஞ்சுபோட்டு, குசினிப் பல்பைக் கழட்டி, அந்த ஹோல்டரிலயே வயரைக் கொழுவினன். அடுப்பு முகட்டில இருந்து தொங்கிற மாதிரி ஒரு கோலம்!

சுவிட்சைப் போட்டன். பட்! பியூஸ் போச்சு.

"நான் சொன்னனான்" எண்டாள் பரமேஸ்வரி.

"கம்பி மெல்லிசு, அதுதான்!" எண்டு, நல்ல தடிச்ச செப்புக் கம்பியா முறுக்கிப் பியூசில போட்டன். இனி எப்பிடிப் போகும்?

போகேல்லை. அடுப்புக்குள்ள இருந்த கம்பிச் சுருள் சிவந்தது. பால் சூடேறினது. நான் நெஞ்சை நிமித்திக்கொண்டு நிண்டன்.

"என்னவோ கருகிற மணம் வருகுது..."

"துரை வீட்டு அடுப்பு அப்பிடித்தான் மணக்கும்!"

பால் எழும்பினது. துரை வீட்டில பால் வழிஞ்சால் சமையல்காரனுக்கு ஏச்சு விழும். எங்கட ஆக்களுக்கு வழியாட்டில்தான் அபசகுனம்.

"முருகா, கிழக்கால வழியட்டும்!" எண்டு கும்பிட்டாள் பரமேஸ்வரி.

"வழியட்டும், வழியட்டும்!" எண்டு நானும் கைகூப்பினன்.

வழிஞ்சது. கிழக்காலதான் வழிஞ்சது. நேரா அந்தச் சிவந்த சுருளுக்குள்ள!

டமார்!

ஒரு நீல வெளிச்சம். முகட்டு வயரில புகை. எங்கட வீடு மட்டுமில்லை, ஒரே மெயினில இருந்த பக்கத்து வீடும் சேர்ந்து இருண்டது.

"தம்பி, உங்கட கரண்டும் போட்டுதோ?" மதிலுக்கு அங்கால நிண்டு பக்கத்து வீட்டு வாத்தியார் கேட்டார்.

"ஓம் மாஸ்டர்! கரண்ட்காரங்கள் ஒரு ஒழுங்கில்லாதவங்கள்!"

வெட்கம் எண்ட சாமான் எனக்கு ஏலத்திலயும் கிடைக்கேல்லை.

அந்த இருட்டுக்குள்ளதான் மச்சான் குடும்பம் வந்து இறங்கினது. சோறு இல்லை. காய்ச்ச அடுப்பும் இல்லை. நான் பேக்கரிக்கு ஓடிப் பாண் வாங்கியந்தன். பரமேஸ்வரி சம்பல் இடிச்சாள். அவள் உலக்கை போட்ட போடு எனக்குத்தான் எண்டு எல்லாருக்கும் விளங்கினது.

மச்சான் சிரிக்கேல்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில ஒரு துண்டுப் பாணைப் பிய்ச்சு, ஆறுதலா மெண்டுபோட்டுக் கேட்டார்:

"ஏன் மச்சான், கரண்டில சமைச்சால் எல்லாம் பாண் மாதிரித்தான் வருமோ?"

அடுத்தநாள் கந்தோருக்கு லீவு போட்டுட்டு, மண் குழைச்சு அடுப்புக் கட்டினனான்.

துரையின்ர அடுப்பும் வீண்போகேல்லை. பரமேஸ்வரி அதுக்கு மேலதான் விறகு அடுக்கிறாள்.