நான் கலைத்த போராட்டம்

யோசிக்காமல் கீழ்ப்படிவதில் ஒரு சுகம் உண்டு. இருபத்து நான்கு வருடம் பட்டாளத்தில் அணிவகுப்பு சொல்லிக்கொடுத்த ஹவில்தாரான நான் அந்தச் சுகத்துக்கு அடிமை. ஓய்வுபெற்றுத் திருச்சிக்கு வந்தும் அது விடவில்லை என்பதை, எங்கள் முன்னாள் படைவீரர் சங்கத்தின் முதல் ஆர்ப்பாட்டத்தில் ஊரே பார்த்தது.

லால்குடி மரகதத்துக்காகத்தான் அந்த ஆர்ப்பாட்டம். என்னோடு வேலை பார்த்த அவள் கணவர் இறந்து இரண்டு வருடமாகியும் குடும்பப் பென்ஷன் வரவில்லை. (புண்ணியவான், கல்யாணம் செய்துகொண்டதைப் பட்டாளத்துப் பதிவேட்டில் ஏற்றவே மறந்துவிட்டார்.) தையல் மெஷினை நம்பி இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். கலெக்டர் கையில் மனுவைக் கொடுப்பதென்று திட்டம். (சங்கச் செயலாளர் ஸ்ரீரங்கத்துக்காரர், உளவுப் பிரிவில் இருந்தவர். எங்கே கூடுவதென்று எங்களுக்கே அன்று காலையில்தான் சொன்னார்.)

பத்து மணிக்கு என்றால் ஒன்பதே காலுக்கு நாற்பது பேரும் ஆஜர், கோரிக்கை எழுதிய தட்டியோடு மரகதமும். கோஷம் போடும் பொறுப்பு எனக்கு. கலெக்டர் ஆபீஸ் வாசலில் எல்லோரையும் மூன்று வரிசையாக நிறுத்தித் தொண்டையைச் செருமினேன். அதற்குள் என் மகன் வயதில் ஒரு இன்ஸ்பெக்டர் வந்து, "ஐயா, கலெக்டர் வர்ற நேரம். எல்லாரும் கலைஞ்சு போயிடுங்க" என்றார்.

காக்கிச் சட்டை, கூடவே ஒரு உத்தரவு. போதாதா எனக்கு? "எஸ் சார்" என்று திரும்பி, "விசர்ஜன்" என்று முழங்கினேன். அணியைக் கலைக்கும் கட்டளை அது. நாற்பது பேரும் வலப்பக்கம் திரும்பி, சல்யூட் வைத்து, அரை நிமிடத்தில் காணாமல் போனார்கள். இன்ஸ்பெக்டரே பயந்துவிட்டார்.

டீக்கடையில் பாதி டீ இறங்கிய பிறகுதான் மனு என் கக்கத்தில் இருப்பது தெரிந்தது. மரகதத்தையும் காணோம். விழுந்தடித்து ஓடினேன். கலெக்டர் காரைவிட்டு இறங்கி நிற்கிறார். மரகதம் தன்னந்தனியாக, தட்டியைப் பிடித்தபடி, நடந்ததையெல்லாம் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மூச்சிரைக்க மனுவை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார்.

நீ மட்டும் ஏன் போகவில்லை என்று பிறகு கேட்டேன்.

"நீங்கல்லாம் பட்டாளம், ஆர்டர் போட்டதும் போயிட்டீங்க. நான் என் பிள்ளைங்களுக்காக வந்தேண்ணே. கேக்காம எப்படிப் போவேன்?"

நான்காம் மாதம் பென்ஷன் வந்தது. அவளுக்கு உதவப் போனவன் நான்; என் மானத்தைக் காப்பாற்றியவள் அவள். அந்த நன்றி இன்றுவரை எனக்குக் குறையவில்லை. இப்போது சங்கத்துக்குத் தலைவி அவள்தான். என் கையில் மைக் தருவதில்லை என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிட்டார்கள்.

என் மகளைப் பெண் பார்க்கத் தில்லை நகரிலிருந்து வந்தவர்களிடம் என் மனைவி, "இவர்தாங்க, தடியடி இல்லாமயே ஒரு போராட்டத்தைக் கலைச்சவரு" என்று அறிமுகப்படுத்தினாள். சம்பந்தம் கூடிவிட்டது. ஆனால் சம்பந்தி இன்றைக்கும் எனக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுத்தான் "வாங்க" என்கிறார்.